கோல் தருவது யார்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பை ஒரு நடுவழி ஊர். கிழக்கே முடிச்சூர், தாம்பரம்; மேற்கே ஒரகடம், வல்லம் வடகால்; வடக்கே மணிமங்கலம். டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெயர் சொன்னாலே தெரியும் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு ஆலைகளும் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகின்றன. இங்குள்ள வேலைகளில் பெரும்பாலானவை கண்ணால் செய்யும் வேலைகள். பெயின்டில் விழுந்த தூசி, வயரின் நிறம், வெல்டிங்கில் விட்டுப்போன புள்ளி, ஃபோர்க்லிஃப்டின் குறுக்கே வரும் ஆள், எதையும் பார்த்தாக வேண்டும். பாதுகாப்புப் பலகைகளும் கண்ணாடி அணியுங்கள், தீப்பொறி ஜாக்கிரதை என்று கண்ணைக் காக்கச் சொல்கின்றன. அது சரிதான். ஆனால் நடுவயதில் பார்வை போகிறவர்களில் பலருக்கு அது தீப்பொறியால் போவதில்லை. சர்க்கரை, பக்கவாதம், மூளையில் வளர்ந்த கட்டி, மூளைக்காய்ச்சல், காசநோய்க்குத் தின்ற மாத்திரை என்று நோயின் வழியாகப் போகிறது.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. உயிருக்கு ஆபத்தான நோய் ஒன்று வருகிறது. மருத்துவம் உயிரை மீட்டுவிடுகிறது, பார்வையை மீட்க முடிவதில்லை. “உயிர் தப்பியதே பெரிசு” என்கிறார்கள் சொந்தபந்தங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயரும் அடுத்து வர வேண்டிய தேதியும் இருக்கும். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு எப்படி நடப்பது என்பது அதில் இருக்காது. கண்ணைக் காக்கும் மருத்துவமனைகள் நம்மிடம் இருக்கின்றன. ஊனத்தை அளந்து சான்றிதழ் தரும் அலுவலகமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பார்வை இல்லாமல் வாழக் கற்றுத்தரும் இடத்துக்கு ஆளை அனுப்பிவைப்பது எவருடைய வேலையாகவும் இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

சர்க்கரையிலிருந்து தொடங்கலாம், எண்ணிக்கையில் அதுதான் பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அது விழித்திரையைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? 2005இல் வெளியான ஒரு சென்னை ஆய்வு சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் என்றது. சங்கர நேத்ராலயா நடத்தி 2009இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு 18 சதவீதம் என்றது. நாடு முழுவதும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022இல் வெளிவந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வில் இது 12.5 சதவீதம்; பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகளில் 4 சதவீதம்.

இந்த நோயின் சூது, கடைசிவரை அது சொல்லிக்கொள்வதில்லை என்பது. விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிகின்றன, அடைபடுகின்றன. ரத்தம் போதாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமில்லாதவை; ஒருநாள் உடைகின்றன. உடையும் நாள்வரை அந்த மனிதர் பார்வைப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம். நன்றாகத் தெரியும் கண்ணைக் காட்ட யார் லீவு போடுவார்? அதிலும் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும். அன்றைய ஷிஃப்ட் போகும், கூடவே அட்டென்டன்ஸ் போனஸும் போகும். நோயாளியின் அலட்சியம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தச் சம்பளக் கணக்குதான். சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இப்போது இருக்கின்றன. வேலையிடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் தொடங்கியது. அந்தப் பரிசோதனை மேசைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கேமரா நின்றால், காப்பாற்றக்கூடிய கண்களில் பல காப்பாற்றப்படும்.

அடுத்தது காசநோய். படப்பையிலிருந்து கிழக்கே போனால் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லம், பின்னால் அரசு மருத்துவமனையானது. சென்னைக்குக் காசநோய் வரலாற்றில் உலக அளவில் ஓர் இடம் உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம்தான், காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து தின்று குணமாகலாம் என்று நிரூபித்தது. அந்த மருந்துகளில் ஒன்றான எதாம்பியூட்டால், சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கிறது. எடைக்கேற்ற சரியான அளவில் கொடுத்தால் இது அபூர்வம். நிரந்தரமாகப் பார்வை இழப்பவர்கள் அதிலும் அபூர்வம். ஆனால் 2017இல் தேசியத் திட்டம் தினசரி மாத்திரை முறைக்கு மாறியபோது, முன்பு முதல் இரண்டு மாதம் மட்டும் புதிய நோயாளிகளுக்குத் தரப்பட்ட எதாம்பியூட்டால் ஆறு மாதமும் தரப்படுவதாயிற்று. இலட்சக்கணக்கானோர் தின்னும் மருந்தில் அபூர்வம் என்பதும் ஓர் எண்ணிக்கைதான். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

இந்தப் பாதிப்பின் முதல் அறிகுறிகளில் ஒன்று சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரிவது. அசெம்பிளி லைனில் வயரின் நிறம் பார்த்துச் செருகுகிறவர் இதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொள்ள முடியும். கண்டதும் மருந்தை நிறுத்த வைத்தால் பலருக்குப் பார்வை மெல்லத் திரும்புகிறது. ஆனால் காசநோய் என்று தெரிந்தால் வேலை போகும் என்று பயந்து நோயையே மறைப்பவர், நிறம் மங்குகிறது என்பதை யாரிடம் சொல்வார்?

பக்கவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்தால் இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துபோகிறது. நோயாளி ‘வலது கண் போச்சு’ என்பார். உண்மையில் போனது இரு கண்களின் வலப்பாதி. கை கால் விளங்குகிறதா என்று பார்க்கும் குடும்பம் இதைக் கவனிப்பதில்லை. அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்வார், படிக்கும் வரியின் முடிவைத் தவறவிடுவார், வலப்பக்கமிருந்து வரும் பைக்கைப் பார்க்கமாட்டார். நோயல்லாத இன்னொரு வழி, கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால்; அதைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஆலைகளுக்கென்று உள்ள இந்த ரசாயனம் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, ஆற்றலுக்காக ஓயாமல் ஏங்கும் பார்வை நரம்பை முதலில் அடிக்கிறது. இறந்தவர்களைச் செய்தித்தாள்கள் எண்ணின. பிழைத்தவர்களில் பார்வை மங்கியவர்களின் கணக்கைச் செய்தி தொடரவில்லை.

விழித்திரையில் கோளாறு என்றால் லேசர் உண்டு, கண்ணுக்குள் போடும் ஊசி உண்டு, அறுவை உண்டு. பார்வை நரம்பு அப்படியல்ல. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட அந்த நரம்பு செத்தால் மறுபடி வளர்வதில்லை. அந்த உண்மையைக் கண் மருத்துவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கு அது தீர்ப்பு போலக் கேட்கிறது. உடனே அடுத்த மருத்துவமனை, அதற்கடுத்து நாட்டு மருந்து, பிறகு வேண்டுதல். கையிருப்பும் நகையும் அதில் கரைகின்றன. அந்த ஓராண்டு ஈராண்டில் அவர் வெளியே நடப்பதில்லை, கால் சூம்புகிறது.

இந்த இடத்தில் எனக்குச் சுந்தரர் நினைவுக்கு வருகிறார். படப்பை இருப்பது குன்றத்தூர் வட்டத்தில். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரும் அந்தக் குன்றத்தூர்தான். அவர் சொல்லும் அடியார்களில் பார்வை இருந்து இழந்தவர் சுந்தரர். மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, திருவாரூர் நினைவு வந்து திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயின. அவர் வடதிருமுல்லைவாயில் போகிறார், திருவெண்பாக்கம் போகிறார். அங்கே கிடைப்பது கண் அல்ல, ஊன்றுகோல். கோபத்தில் அந்தக் கோலை அவர் வீசியதாகவும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாகவும் தலக்கதை சொல்கிறது. பிறகு அந்தக் கோலோடுதான் காஞ்சிபுரம்வரை நடக்கிறார். ஏகம்பத்தில் இடக்கண் கிடைக்கிறது. வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை போக வேண்டியிருக்கிறது. பழைய திருவெண்பாக்கம் 1940களில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை மட்டும் பெயர்த்துப் பூண்டியில் கட்டியிருக்கிறார்கள். இறைவன் பெயர் ஊன்றீஸ்வரர்.

இதை அற்புதமாக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். நான் பார்ப்பது வரிசையை. கோல் முதலில் வந்தது, கண் பிறகு வந்தது. கண் வருமா வராதா என்று தெரியாத நிலையிலேயே நடப்பதற்கு வழி செய்யப்பட்டது. நம் மருத்துவ ஏற்பாட்டில் இந்த வரிசை தலைகீழ். இனிமேல் பார்வை வராது என்று எல்லோரும் கைவிரித்த பிறகுதான் கோல் பற்றிய பேச்சே வரும். பல நேரம் அப்போதும் வராது. சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சியும் நடக்கலாம். ஊசி போட்டுக்கொண்டிருக்கும் கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்துப் படிக்கப் பழக்கலாம். கோலை எடுப்பது நம்பிக்கையை விடுவது என்று குடும்பம் நினைக்கிறது. மருத்துவர் அதைத் திருத்த வேண்டும்.

பார்வையற்றோருக்கான நம் நிறுவனங்கள் பெரும்பாலும் குழந்தைகளிடமிருந்து தொடங்கியவை. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி அதற்கு மூத்த சான்று. நாற்பது வயதில் பார்வை இழந்தவருக்கு என்ன செய்வது என்ற கேள்வியை நம் நாட்டில் பெரிதாக எழுப்பியது போர். இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி ஏற்பட்டது. அதை நடத்திய கிளுதா மெக்கன்சி, 1915இல் கலிப்போலி போரில் தானே கண் இழந்த நியூசிலாந்துக்காரர். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர், நீளமான மெல்லிய கோலை இடமும் வலமும் வீசித் தட்டி நடக்கும் முறையை வகுத்தார். உலகம் முழுவதும் இன்றும் கற்றுத்தரப்படுவது அந்த முறைதான். டேராடூன் விடுதி 1950இல் வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையமாகி, அங்கிருந்து தேசிய நிறுவனமாக வளர்ந்தது.

அந்த நிறுவனத்தின் தென்மண்டல மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? பூந்தமல்லி டிரங்க் ரோட்டில். படப்பையிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர். திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குச் செல்லும் நெடுஞ்சாலையே பூந்தமல்லி வழியாகத்தான் போகிறது. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளியும் பூந்தமல்லியில் உண்டு. 1819இல் தொடங்கி, உலகின் இரண்டாவது பழைய கண் மருத்துவமனை என்று பெயர் பெற்ற எழும்பூர் கண் மருத்துவமனையும் ஒரு பஸ் தூரம்தான். ஆக இடம் இல்லாமல் இல்லை. அனுப்புவார் இல்லை. சிப்பாய் கண் இழந்தால் நாடு தன் கடன் என்று நினைத்தது. ஒரகடத்தில் லைனில் நின்றவர் சர்க்கரையால் கண் இழந்தால், அது அவருடைய உடம்பு, அவருடைய தலையெழுத்து.

பார்வை போனபின் மனத்தில் நடப்பவற்றில் ஒன்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும்: கோலம் போன்ற வலைப்பின்னல், சிறு மனிதர்கள், முன்பின் தெரியாத முகங்கள். சத்தம் இருக்காது, வரும், போகும். இதற்குச் சார்லஸ் பானே நோய்க்குறி என்று பெயர். கண்புரையால் பார்வை மங்கிய தன் பாட்டனாருக்கு இப்படி நேர்ந்ததை அந்தச் சுவிட்சர்லாந்து அறிஞர் 1760இல் பதிவு செய்தார். கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. ஆனால் இதைக் கேள்விப்பட்டிராத வீட்டில் மந்திரிப்பவரைத் தேடுவார்கள், அல்லது நோயாளி பயந்து வாயே திறக்கமாட்டார். “இப்படி ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள்” என்று மருத்துவர் முன்பே சொல்லிவைக்க அரை நிமிடம் போதும்.

துக்கம் வேறு. அமெரிக்கப் பாதிரியார் தாமஸ் கரோல் 1961இல் எழுதிய நூலில், பார்வை இழப்பை இருபது இழப்புகளாகப் பிரித்தார். உடம்பின் முழுமை, நடமாட்டம், படிப்பு, வேலை, பிறர் கண்ணில் படாமல் இருக்கும் வசதி என்று அது நீளும். பார்த்த மனிதன் இறந்துதான் பார்வையற்ற மனிதன் பிறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பார்வையற்றோர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரும் தானே பார்வையற்றவருமான கென்னத் ஜெர்னிகன் இதை ஒப்பவில்லை. பயிற்சியும் வாய்ப்பும் கிடைத்தால் இது ஒரு சங்கடம் மட்டுமே, சாவு அல்ல என்றார். இருவரில் நான் ஜெர்னிகன் பக்கம். கரோல் சொன்ன துக்கம் உண்மைதான். ஆனால் வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நிற்கும் வீட்டில், துக்கத்தின் பெரும்பகுதி சம்பளம் நின்றதால் வருகிறது. அதை ஆறுதல் வார்த்தை தீர்க்காது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு பழக்கம் உண்டு. காஞ்சிக்கு அருகே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், திருப்பெரும்புதூரில் அவதரித்த இராமானுசரின் சீடர். சோழன் அவையில் கண்களை இழந்தவர். வரம் கேட்க வாய்த்தபோது தன் கண்ணைக் கேட்காமல், தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் நற்கதி கேட்டார் என்று குருபரம்பரைக் கதைகள் போற்றுகின்றன. மாபெரும் மனம்தான், சந்தேகமில்லை. ஆனால் கண் இழந்த ஒவ்வொருவரும் கூரத்தாழ்வானாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்துவிடுகிறோம். பொறுமையாக, சிரித்த முகத்தோடு, எதுவும் கேட்காமல். சுந்தரர் அப்படி இருக்கவில்லை. கோயில் கோயிலாகப் போய்ச் சண்டை போட்டார், இடித்துக் கேட்டார், ஒரு கண் கொடுத்தால் மற்றது எங்கே என்றார். ஆலை வாசலிலும் அலுவலக ஜன்னலிலும் நிற்க வேண்டியவருக்குச் சுந்தரர்தான் துணை.

இனி அன்றாடம். பார்வையற்றவர் என்றால் பிரெயில் படிக்க வேண்டும் என்பது பொது நினைப்பு. சர்க்கரையால் பார்வை இழந்தவருக்கு இது பலநேரம் ஒத்துவராது. அதே நோய் விரல் நுனியின் உணர்ச்சியையும் மழுக்கியிருக்கும். பிரெயில் புள்ளிகள் விரலுக்கு எட்டாது. பாதமும் மரத்திருக்கும். கோல் பிடித்து நடப்பவருக்குத் தரையைச் சொல்வதில் பாதம் பாதி வேலை செய்கிறது. மண்ணா தாரா, சரிவா படியா என்று கால்தான் சொல்லும். கால் மரத்தவருக்குப் பயிற்சி வேறு மாதிரி இருக்க வேண்டும், செருப்பும் வேறு மாதிரி. இன்சுலின் அளவை எப்படிப் பார்ப்பது? பேனா வகை இன்சுலினில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ‘க்ளிக்’ கேட்கும். எண்ணிப் பழகலாம், ஆனால் ஓசையை மட்டும் நம்பாமல் பார்வையுள்ள ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும். சர்க்கரை அளவை வாய்விட்டுச் சொல்லும் கருவிகளும் கிடைக்கின்றன. கண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவமும், ஊனத்தை மட்டும் பார்க்கும் அலுவலகமும் இந்தச் சிக்கலைக் கண்டுகொள்வதில்லை.

இவர்களுக்குப் பிரெயிலைவிடக் கைப்பேசி பெரிய உதவி. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் போய் இயக்கினால் திரையைத் தமிழிலேயே படித்துச் சொல்லும். கணினிக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் உண்டு. ரூபாய்த் தாள்களில் 100க்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் தடவிப் பார்த்தால் தெரியும் கோடுகள் ஓரத்தில் உண்டு: நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. பத்து, இருபது, ஐம்பதுக்கு அது கிடையாது. மார்க்கெட்டில் அதிகம் கைமாறுவது அந்தத் தாள்கள்தான் என்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரியாததல்ல. 2020இல் அது மணி என்ற செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவுக்குக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். சமையலறையில் தட்டைக் கடிகாரமாகக் கொண்டு, மூன்று மணிக்குப் பொரியல், ஒன்பது மணிக்குக் கூட்டு என்று பரிமாறுவதை ஒரு நாளில் பழகிவிடலாம். வீட்டார் செய்ய வேண்டியது இன்னொன்று: நாற்காலியை இடம் மாற்றாமல் இருப்பது, கதவைப் பாதி திறந்து வைக்காமல் இருப்பது.

வெளியே நடப்பதுதான் கடினம். படப்பைக் கடைத்தெருவைப் பாருங்கள். நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் கடையின் சரக்கு, அதற்கு முன்னால் பைக், அதற்கு முன்னால் லாரி. தரையிலிருக்கும் தடையைக் கோல் கண்டுபிடிக்கும். நின்றிருக்கும் லாரியின் பின்பக்கம் நெஞ்சளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைக் கோல் கண்டுபிடிக்காது, நெஞ்சுதான் கண்டுபிடிக்கும். இதற்காகவே டெல்லி ஐஐடி ஒரு கருவியை வடிவமைத்தது. 2014இல் வந்த ஸ்மார்ட்கேன், கோலின் மேல் பொருத்திக்கொள்வது. முழங்காலுக்கு மேலே, மூன்று மீட்டர் தூரம்வரை இருக்கும் தடையை ஒலியலையால் கண்டு அதிர்வால் சொல்லும். அதைத் தயாரித்தது சென்னை நிறுவனமான ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

கடைசியாக, பணமும் சட்டமும். இங்கேதான் அநீதி அப்பட்டமாக இருக்கிறது. மாதம் 18,000 ரூபாய் வாங்கும், இஎஸ்ஐ காப்பீட்டில் உள்ள தொழிலாளி ஒருவர், வேலையில் நேர்ந்த விபத்தால் இரு கண்ணும் இழந்தால் இழப்பு 100 சதவீதம் என்று சட்ட அட்டவணை சொல்கிறது. சம்பளத்தில் 90 சதவீதம், அதாவது மாதம் சுமார் 16,200 ரூபாய், ஆயுள் முழுவதும் வரும். ஒரு கண்ணின் பார்வை மட்டும் போய் மற்றது நன்றாக இருந்தாலும் 30 சதவீதம் உண்டு. அதே மனிதர் சர்க்கரையால் இரு கண்ணும் இழந்தால்? ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம். அதற்குப் பிறகு, தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்து, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நீட்டித்த நோய்க்கால உதவியாக 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. விழித்திரையை முற்றிய நிலையில் பாதித்த சர்க்கரை நோய், விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் ஆகியவை அந்த உதவிக்குரிய 34 நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது. அதன்பின் அந்த வழி அடைபடுகிறது. கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை பார்த்தவருக்கு அந்த இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியைக் காட்டுவதே பாடு. இருட்டு ஒன்றுதான்; வந்த வழியைப் பார்த்து விலை போடுகிறார்கள்.

வேலையைக் காப்பாற்றிக்கொள்வதிலும் இதே கதை. படப்பைச் சாலையில் ஓடும் இரண்டு பஸ்களை எண்ணிப் பாருங்கள்: ஒன்று அரசுப் பேருந்து, இன்னொன்று கம்பெனி பஸ். இரண்டு டிரைவர்களுக்கும் பக்கவாதத்தால் பார்வை குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்கிறது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேலை இல்லையென்றால் ஓய்வு வயதுவரை அவருக்கென்றே கூடுதல் பணியிடம் உருவாக்க வேண்டும். அரசு டிரைவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. கம்பெனி டிரைவருக்கு இல்லை. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களோடு நிற்கிறது. தனியாருக்குச் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடும் கடமை இருக்கிறது, பாகுபாடு காட்டக் கூடாது என்ற பொது விதி இருக்கிறது. வேலையைத் தக்கவைக்கும் உறுதியான வாசகம் மட்டும் இல்லை. பல பத்தாண்டுகள் நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமோ, தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்குவதை ஆட்குறைப்பு என்றே கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. நாட்டின் கார் உற்பத்தியில் முன்வரிசையில் நிற்கும் வட்டாரத்துக்கு இது போதாது. 20ஆம் பிரிவைப் பெரிய தனியார் ஆலைகளுக்கும் நீட்டிப்பதே நியாயம். பார்வை இழந்த ஆய்வாளரை லைனில் நிறுத்த முடியாதுதான். பயிற்சி வகுப்பு, தொலைபேசி, ஆள்சேர்ப்பு, பொருள் கணக்கு என்று திரைவாசிப்பானோடு செய்யும் வேலைகள் எந்த ஆலையிலும் உண்டு.

சட்டம் மாறும்வரை உள்ளதையாவது விடாமல் பிடிக்க வேண்டும். நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் பார்வை 3/60க்குக் கீழே என்றாலோ, பார்க்கும் பரப்பு 10 டிகிரிக்குக் குறைந்தாலோ சட்டப்படி அது பார்வையின்மை. அதற்கு மேல் 6/18வரை குறைபார்வை. 40 சதவீதம் என்று சான்றிதழ் கிடைத்தால் பல உதவிகளுக்கு வாசல் திறக்கும். மாநில அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக இருந்தது. படப்பையில் ஓர் அறை வாடகைக்கு அது போதாது. இதைவிட முக்கியமானதும் அதிகம் தெரியாததும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் ஊன ஓய்வூதியம். பத்தாண்டு சேவை வேண்டியதில்லை, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். விபத்தா நோயா என்ற கேள்வியும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலைக்கு நிரந்தரமாக, முழுவதுமாகத் தகுதியற்றுப் போனார் என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொகை சிறிது, குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: ஊனம் வேலையில் இருக்கும்போதே நேர்ந்திருக்க வேண்டும். பார்வை மங்கியதும் பலர் செய்வது, சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது. உங்கள் வீட்டில், உங்கள் லைனில், உங்கள் அறைத் தோழர்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். முதலில் கண் மருத்துவரிடம், பார்வை குறைந்த தேதியையும் அளவையும் எழுதி வாங்குங்கள். இஎஸ்ஐயில் நீட்டித்த நோய்க்கால உதவிக்கு மனு கொடுங்கள், வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் ஊன ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி கொடுங்கள். பூந்தமல்லி மையத்துக்குச் சிகிச்சை முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே போங்கள்.